மிச்சமான நேரம்

“இரண்டே நாள், தாத்தா! டில்லித் தாத்தாவையும் பார்த்துடலாம். கல்கத்தாத் தாத்தாவையும் பார்த்துடலாம். மூணாம் நாள் காலைக் காப்பிக்கு நீங்க வீட்டிலே இருப்பீங்க” என்றான் என் பேரன்.

அவன் விரல் செல்பேசியின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. சென்னையிலிருந்து டில்லிக்குக் காலை விமானம்; மறுநாள் விடியற்காலையில் டில்லியிலிருந்து கல்கத்தா; அன்று இரவே கல்கத்தாவிலிருந்து சென்னை. இந்தியப் படத்தின்மேல் ஒரு முக்கோணம் போட்டு என் கையில் கொடுத்துவிட்டான் பையன். (கல்கத்தாவுக்கு 2001-இல் கொல்கத்தா என்று பெயர் மாறியது. என் வாய்க்கு இன்னும் கல்கத்தாதான் வருகிறது, மன்னிக்க வேண்டும்.)

எனக்கு உண்டான மகிழ்ச்சியை ஒளிப்பானேன்? கும்பகோணத்தில் காவிரிக் கரையில் இருக்கும் அரசினர் கல்லூரியில் 1968 முதல் 1971 வரை நாங்கள் மூவரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே அறை, ஒரே மெஸ், பல நாட்கள் மூவருக்கும் ஒரே சோப்பு. ஒருவன் மத்திய சர்க்கார் பரீட்சை எழுதி டில்லிக்குப் போனான். இன்னொருவன் தேயிலைக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதக் கல்கத்தாவுக்குப் போனான். நான் சென்னையோடு நின்றுவிட்டேன். ‘போய்ப் பார்க்க வேண்டும், போய்ப் பார்க்க வேண்டும்’ என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐம்பது வருஷத்துக் கடனை இரண்டு நாளில் தீர்த்துவிடலாம் என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இராது?

ஆனால், கடன் அப்படித் தீரவில்லை. ஏன் தீரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்லும்போது வாசகர்முன் ஒரு கேள்வியையும் வைக்க விரும்புகிறேன். பார்வைக்கு அற்பமான கேள்விதான். விமானத்தில் போவதால் நமக்கு நேரம் மிச்சமாகிறதே, அந்த மிச்சம் யாருக்குச் சொந்தம்?

*

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம்.

1972-இல் என் டில்லிச் சிநேகிதனை வழியனுப்பச் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ். 1929-இல் ஓட ஆரம்பித்த வண்டி அது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், ஒரு கூஜா, நாலு பொட்டலம் புளியோதரை. இவ்வளவுதான் அவனுடைய சொத்து. சென்னைக்கும் டில்லிக்கும் ரயில் பாதையில் சுமார் 2,180 கிலோமீட்டர். கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை, சம்பல் என்று ஒவ்வொரு நதியாகத் தாண்ட வேண்டும். நாகபுரியில் ஆரஞ்சுக் கூடை ஏறும். ஜான்ஸிக்கு அப்பால் பேச்சு அடியோடு மாறிவிடும். ‘அவன் போகிறது வேறு தேசம்’ என்று எங்களுக்குத் தோன்றியதில் பிசகில்லை. இன்றும் அந்த வண்டிக்குச் சுமார் 35 மணி நேரம் பிடிக்கிறது. விமானம் மூன்று மணிக்குள் இறக்கிவிடுகிறது.

நியாயமாகப் பேச வேண்டுமானால் மூன்று மணி என்பதும் முழு உண்மையல்ல. வீட்டு வாசலில் வண்டி ஏறியது, மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்றது, டில்லியில் பெட்டிக்குக் காத்தது, நகரத்தின் போக்குவரத்தில் ஊர்ந்தது எல்லாவற்றையும் கூட்டினால் எட்டு மணி ஆகிவிடும். இருக்கட்டும். அப்படியும் ஒரு முழு நாளுக்கு மேல் மிச்சம்.

மனிதர்கள் பறப்பதற்கு முன்னால் கடிதங்கள் பறந்தன என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானம் தபால் பைக்காகவே பறந்தது. அந்தத் தபால் மேலும் பறந்து சென்னைக்கும் வந்தது. 1949-இல் இரவுத் தபால் விமானம் தொடங்கினார்கள். சென்னை, டில்லி, பம்பாய், கல்கத்தா என்ற நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் நான்கு விமானங்கள் கிளம்பும். நள்ளிரவில் நாகபுரியில் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பிவிடும். நாட்டின் நாலு மூலையிலும் இருந்த சிநேகிதர்களின் கடிதங்கள் நடு ராத்திரியில் ஒரு கூரையின்கீழ்ச் சந்தித்துவிட்டுப் பிரிந்தன என்று நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. நாங்கள் சந்திக்கவில்லை, எங்கள் கடிதங்கள் சந்தித்தன.

கடிதம் குறைந்தது, டெலிபோன் வந்தது. டெலிபோன் பேச்சும் குறைந்து, காலை வணக்கம் சொல்லும் வாட்ஸ்அப் படம் வந்தது. விமானக் கட்டணம், நடுத்தரக் குடும்பத்தார் எட்டிப் பிடிக்கிற உயரத்துக்கு இறங்கியதும் எங்கள் வாழ்நாளில்தான். வசதி வளர வளர நாங்கள் நெருங்கியிருக்க வேண்டும். நெருங்கினோமா?

*

சென்ற வருஷம் பிப்ரவரி முதல் வாரத்தில் டில்லியில் இறங்கினேன். சிநேகிதன் மயூர் விஹாரில் இருக்கிறான். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவனைப் பார்த்தேன். தலையில் முடி இல்லை; வாயில் பாதிப் பல் இல்லை; ஆனால் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

“வாடா! படி ஏற முடிஞ்சுதா?” என்றான். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வியா இது? ஆனால் அதைவிட நல்ல கேள்வி எனக்கும் தோன்றவில்லை.

நான் ஒரு காரியத்தோடு போயிருந்தேன். கடைசி வருஷப் பரீட்சைக்குப் பணம் கட்ட வழியில்லாமல் நான் தவித்தபோது, அவன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அடகுக் கடையில் வைத்துப் பணம் கொண்டுவந்தான். அவன் கல்லூரியில் சேர்ந்தபோது அவனுடைய அப்பா வாங்கிக் கொடுத்த கடிகாரம். அதை நான் மீட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை, கடிகாரம் மூழ்கிவிட்டது. முதல் சம்பளத்தில் மீட்கலாம், முதல் புத்தகத்தின் பணத்தில் மீட்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அது மூழ்கிய பிறகுதான். அந்தக் கடிகாரம் என் மனத்துக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஆகவே ஒரு நல்ல கடிகாரமாகப் பார்த்து வாங்கிப் போயிருந்தேன். கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பதாகத் திட்டம். என்ன சொல்லவேண்டும் என்று விமானத்தில் மனப்பாடம்கூடச் செய்தேன்.

அவன் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். “அந்தக் கடிகாரத்தையா இன்னும் நினைச்சிண்டிருக்கே? அது தினம் பத்து நிமிஷம் பின்னாலே ஓடும்டா! தொலைஞ்சுதேன்னு நான் நிம்மதியா இருந்தேன்” என்று சொல்லிச் சிரித்தான். நான் மனப்பாடம் செய்ததெல்லாம் வீணாயிற்று.

புதுக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: “நாளைக்கு எத்தனை மணிக்கு ஃப்ளைட்?”

“காலையிலேயே” என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நன்றாயில்லை.

அவன் மனைவி தட்டில் தவலடை கொண்டுவந்து வைத்தாள். “சூடா சாப்பிடுங்கண்ணே” என்றவள், ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். “அந்த வருஷம் உங்களுக்குக் கொண்டுவந்தது ஆறிப் போச்சு. நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸிலே தின்னுட்டு வந்தோம்.”

“எந்த வருஷம்?”

அவன், “அதை எதுக்கு இப்போ?” என்று அவளை அடக்கப் பார்த்தான். அவள் வெள்ளை மனசுக்காரி, சொல்லிவிட்டாள். 1986. என் நாவல் ஒன்றைப் பற்றி டில்லியில் ஒரு கூட்டம் நடந்தது. கூட்டத்தாரே விமான டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். வாழ்க்கையில் நான் முதல் முறையாக விமானம் ஏறியது அப்போதுதான். மூன்று நாள் அங்கே இருந்தேன். அவன் தமிழ்ப் பத்திரிகையில் செய்தி பார்த்துவிட்டு, மனைவியோடு எவர்சில்வர் சம்படத்தில் தவலடை எடுத்துக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து என் பேச்சை முழுக்கக் கேட்டிருக்கிறான். பேச்சு முடிந்ததும் என்னைச் சுற்றிக் கூட்டம். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டானாம்.

அன்று அவனை நான் பார்த்தேனா? பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஆனால், டில்லிக்கு வருகிறேன் என்று அவனுக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ‘டில்லி பெரிய ஊர், மூன்று நாளில் எங்கே போய்த் தேடுவது?’ என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. அப்போது அவன் ராமகிருஷ்ணபுரத்தில் சர்க்கார் குடியிருப்பில் இருந்தான். ஆட்டோவில் போனால் அரை மணி நேரத்துத் தூரம்.

*

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்ற நினைப்பு ஒரு பக்கம். எவர்சில்வர் சம்படம் ஒரு பக்கம்.

ஒரு விஷயம் தெளிவாயிற்று. ஐம்பது வருஷமாக நான் ஒரு கணக்குப் புஸ்தகம் வைத்திருந்தேன். அதில் கடிகாரம் என்று ஒரே ஒரு பற்று எழுதியிருந்தேன். அவனிடத்தில் இருந்த கணக்கில் கடிகாரமே இல்லை; நான் எழுதவே இல்லாத ஒரு பற்று இருந்தது. மனிதன் தான் செய்த தவறுகளில் தனக்குக் கௌரவமானவற்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறான் போலும். ஏழைப் பையன் கடிகாரத்தை மீட்க முடியாமல் போனான் என்பதில் ஒரு சோகம் இருக்கிறது, கதை எழுதலாம். பெயர் வந்த எழுத்தாளன் ஒருவன் பழைய சிநேகிதனுக்குக் கார்டு போடவில்லை என்பதில் என்ன இருக்கிறது? அற்பத்தனம்தான் இருக்கிறது. அதனால் அது மறந்துபோயிற்று.

இன்னொன்றும் தெளிவாயிற்று. தூரம் என்பதை நான் தடை என்று நினைத்திருந்தேன். அது தடையல்ல, நிழல். அதன்கீழ் நான் சௌகரியமாக ஒதுங்கியிருந்தேன். இரண்டு ராத்திரி ரயிலில் போகவேண்டிய ஊரில் இருப்பவனைப் பார்க்கப் போகாவிட்டால் உலகம் மன்னித்துவிடும், மனச்சாட்சியும் மன்னித்துவிடும். மூன்று மணி நேரத்தில் போகலாம் என்று ஆனபிறகு, போகாமல் இருப்பது ஒரு செய்கை ஆகிவிடுகிறது. ‘முடியவில்லை’ என்ற சொல் நம் கையிலிருந்து பிடுங்கப்பட்டுவிடுகிறது. ‘வேண்டாம் என்றிருந்தேன்’ என்ற சொல்தான் மிஞ்சுகிறது. விமானம் நமக்குச் சிறகு கொடுத்தது என்கிறார்கள். எனக்கு அது செய்த முதல் காரியம், என் சாக்கைப் பறித்தது.

‘நட்புக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என்ன அவசியம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நானே மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். உணர்ச்சி ஒத்திருந்தால் போதும், நெருங்கிப் பழகவேண்டும் என்பதுகூட இல்லை என்பது வள்ளுவர் கருத்து. அதற்கு உரைகாரர்கள் காட்டும் சான்று கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். ஒருவரை ஒருவர் காணாமலே உயிர் நண்பர்களாக இருந்தவர்கள். தமிழன் தூரத்துச் சிநேகிதனைப் போய்ப் பார்க்காமல் இருப்பதற்கு இதைவிடப் பெருமையான சாக்கு வேறு கிடையாது.

ஆனால் அந்தக் கதையின் கடைசிப் பகுதியை நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பிசிராந்தையார் வந்தார். சோழன் தன் மக்களோடு மனம் கசந்து வடக்கிருந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். அருகில் இருந்தவர்கள் நம்பவில்லை. அவர் வந்தார். காணாத நட்பு என்று நாம் கொண்டாடுகிறோமே, அது பெருமை பெற்றது காணாமல் இருந்ததால் அன்று. வரவேண்டிய நாளில் நடந்து வந்ததால். அவருக்கு விமானம் இல்லை, ரயில் இல்லை. திரும்பும் டிக்கெட்டும் இல்லை! வடக்கிருந்தவனோடு தாமும் வடக்கிருந்து உயிர்விட வந்தவருக்குத் திரும்பும் பேச்சு ஏது?

வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் பாடியதோடு நிற்கவில்லை. ‘பழைமை’ என்று தனியாக ஓர் அதிகாரம், எண்பத்தொன்றாவது, பழைய நட்புக்காகவே வைத்தார். புதிய நட்பைத் தேர்ந்தெடுக்கலாம், ஆராயலாம், வேண்டாம் என்று விட்டுவிடலாம். பழைய நட்பு அப்படியல்ல. அது வேர் விட்டது, உரிமை பெற்றது. அந்த உரிமையின் பேரில் ஒரு தவலடைச் சம்படம் நாற்பது வருஷம் காத்திருக்கிறது. கோபப்படவில்லை, காத்திருக்கிறது. அவ்வளவுதான்.

*

விடியற்காலை நான்கரைக்கு எழுந்து பேரனுக்கு டெலிபோன் செய்தேன். “டிக்கெட்டை ரத்துப் பண்ணிடு” என்றேன். “பணம் திரும்பி வராது, தாத்தா” என்றான். “போனால் போகட்டும்” என்றேன். கல்கத்தாக்காரனுக்கும் சொன்னேன். அவன், “மெதுவா வா, ஆனா வா” என்றான்.

ஐந்து மணிக்குக் காப்பியோடு வந்த சிநேகிதன், நான் பெட்டியைக் கட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது தம்ளர் காப்பி கொண்டுவரப் போய்விட்டான்.

ஐந்து நாள் இருந்தேன். அந்த ஐந்து நாளில் நான் கற்றது இது.

முதல் நாள் பேசுவதெல்லாம் செய்தி. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, யார் போய்விட்டார்கள். இதை டெலிபோனிலும் பேசலாம். இரண்டாம் நாள் பேசுவது பழைய கதை. மெஸ் சாம்பார், காவிரி வெள்ளம், ஆங்கில வாத்தியார். இதற்கு ஒருவருக்கொருவர் வேண்டியதில்லை. அவரவர் ஞாபகமே போதும். மூன்றாம் நாள் பேச்சு வற்றிவிடுகிறது. சங்கடமான நாள் அது. ‘ஏன் தங்கினோம்?’ என்றுகூடத் தோன்றிவிடும். அந்த நாளைத் தாண்ட வேண்டும். நான்காம் நாள்தான் சிநேகிதன் வருகிறான்.

அரிஸ்டாட்டில் அறத்தைப் பற்றி எழுதிய பத்துப் புத்தகங்களில் இரண்டை நட்புக்கே கொடுத்தார். அதில் அவர் கிரேக்கர்களின் பழமொழி ஒன்றை நினைவூட்டுகிறார். சேர்ந்து உப்புத் தின்ற பிறகுதான் ஒருவரை ஒருவர் அறிய முடியும் என்பது அதன் கருத்து. நாமும் ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்கிறவர்கள். நமக்கு இது புதிதல்ல. ஆனால் உப்பைப் பற்றி ஒன்று யோசித்துப் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் எவ்வளவு உப்புத் தின்ன முடியும்? ஒரு சிட்டிகை. ஒரு படி உப்பைச் சேர்ந்து தின்று தீர்க்க வேண்டுமானால் எத்தனை வேளை சேர்ந்து உட்கார வேண்டும்! விமானம் டில்லியை மூன்று மணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. உப்புத் தின்கிற வேகத்தை அது கூட்டவில்லை. எந்த யந்திரமும் கூட்ட முடியாது.

ரயிலில் வந்தவர்களுக்கு இந்த ஞானம் தானாகவே வாய்த்தது. இரண்டு நாள் கரிப் புகையில் வந்தவன் மூன்றாம் நாள் எப்படித் திரும்புவான்? கல்கத்தாச் சிநேகிதன் அந்தக் காலத்தில் குளிர்காலந்தோறும் ஹௌரா மெயிலில் வருவான். ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் கொண்டுவருவான். பத்து நாள் தங்குவான். ஐந்தாம் நாள் என் மனைவி சமையலறையிலிருந்து மெல்லிய குரலில், “எப்போ போறாராம்?” என்று கேட்பாள். எட்டாம் நாள் அவளே அவனிடம் தன் அண்ணனைப் பற்றிய மனக்குறையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். பிரயாணத்தின் கஷ்டம், தங்குவதற்கு ஒரு நியாயம் கொடுத்தது. கஷ்டம் போயிற்று, நியாயமும் கூடவே போயிற்று.

*

நான்காம் நாள் என்றேன். அன்று காலை பால்கனி வெயிலில் உட்கார்ந்து, இருவரும் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அவன் தலை நிமிராமல், “அப்பா போனப்போ நான் போய்ச் சேரலை, தெரியுமோ?” என்றான்.

எனக்குத் தெரியும். 1974. இரங்கல் கடிதம் எழுதியிருந்தேன், இரண்டு பக்கம், நன்றாகவே எழுதியிருந்தேன்.

“தந்தி சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீசுக்கு வந்தது. அப்பவும் மெட்ராஸுக்குப் பிளேன் இருந்ததுடா. டிக்கெட் விலை ஒரு மாசச் சம்பளத்தை முழுங்கிடும். கையிலே இல்லை. ஆபீசிலே மூணு பேர்கிட்டே கேட்டிருந்தா கிடைச்சிருக்கும். கேக்கலாமா வேண்டாமான்னு ஒரு மணி நேரம் யோசிச்சேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். ஊர் போய்ச் சேர்ந்தப்போ பால் தெளிச்சாச்சு.” ஒரு பட்டாணி கை தவறி உருண்டது. அதை எடுத்துப் போட்டான். “அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இன்னும் முடியலை. பணம் இல்லைன்னு போகலையா, இல்லே, ஒரு மாசச் சம்பளமான்னு போகலையா? எனக்கே தெரியலை. இவகிட்டேகூட இதைச் சொன்னதில்லை.”

நான் என்ன பதில் சொல்வது? சொல்லவில்லை. உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டேன். சென்ட்ரலில் இறங்கி, எழும்பூருக்குப் போய் வேறு வண்டி பிடித்து அவன் ஊருக்குப் போயிருக்கிறான். அன்று நானும் சென்னையில்தான் இருந்தேன். அவன் தனியாக அந்த ஊரைக் கடந்து போனது எனக்குத் தெரியாது. பிறகு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன்.

ரயிலின் மந்தகதியைப் புகழ்ந்து கட்டுரை எழுதிவிடலாம் என்று ஆசைப்பட்ட என்னை அந்தப் பால்கனி திருத்திவிட்டது. வேகத்தைப் பழிக்க எனக்கு உரிமை இல்லை. தகப்பனார் முகத்தைக் கடைசி முறையாகப் பார்க்க ஓடுகிறவனுக்கு அந்த முப்பது மணி நேரம் உயிருக்குச் சமானம். வேகம் குற்றமல்ல. வேகத்தால் கிடைத்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் குற்றமும் குணமும் இருக்கின்றன.

சிலர் இங்கே ஆட்சேபம் சொல்வார்கள். “உமக்கு வயசாகிவிட்டது, வேலை இல்லை, ஐந்து நாள் தங்கலாம். லீவுக்குக் கெஞ்சுகிறவன் என்ன செய்வான்?” நியாயமான கேள்வி. அவனுக்கு நான் விதி எழுதவில்லை. ஒரு நாள்தான் முடியும் என்றால் அந்த ஒரு நாளும் பெரிதுதான். ஆனால் அவன் தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ளட்டும். ரயிலில் போயிருந்தால் போகவர மூன்று நாள் பாதையில் கழிந்திருக்கும். அந்த மூன்று நாளை அவன் கொடுக்கத் தயாராக இருந்தானா? இருந்தான் என்றால், அது சிநேகிதனுக்கென்று மனத்தில் எடுத்து வைத்த நேரம்தானே? விமானம் அதைப் பாதையிடமிருந்து மீட்டுக் கொடுத்தது. மீட்டதைச் சொந்தக்காரனிடம் சேர்க்காமல் நாமே எடுத்துக்கொண்டால், அது அடகுக் கடையில் மூழ்கிய கடிகாரத்தைவிடப் பெரிய கடன்.

“மாட்டேன், மூன்று நாளெல்லாம் அவனுக்காகக் கொடுத்திருக்க மாட்டேன், சுலபமாக இருப்பதால்தான் போகிறேன்” என்று ஒருவன் சொன்னால், அவனிடமும் எனக்குக் கோபமில்லை. அவன் உண்மை பேசுகிறவன். சுலபமாகப் போனவன்கூட அங்கே போனபிறகு தங்கிவிடலாம். நான் அப்படிப் போனவன்தான்.

இந்தக் காலத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உலகத்து மனிதர்கள் காற்றில் கலக்கும் கரியமில வாயுவில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு விமானங்களிலிருந்து வருகிறது. உலகத்தில் பெரும்பாலானவர்கள் ஒரு வருஷத்தில் ஒரு முறைகூட விமானம் ஏறுவதில்லை. நாம் பறப்பதற்கு, நம் முகம் தெரியாத யாரோ கொஞ்சம் விலை கொடுக்கிறார்கள். ஆகவே ஒரு மணி நேரம் முகம் காட்டிவிட்டு வர நாலு முறை பறப்பதைவிட, ஒரு முறை பறந்து நாலு மடங்கு தங்குவது சிநேகிதனுக்கும் நல்லது. சிநேகிதன் அல்லாதவனுக்கும் நல்லது.

*

ஆறாம் நாள் காலை அவனும் அவன் மனைவியும் கீழே வரை வந்து வழியனுப்பினார்கள். “அடுத்த தடவை...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். எங்கள் வயதில் அந்த வாக்கியத்தை முடிப்பது கஷ்டம். அவள் என் கையில் ஒரு சம்படத்தைக் கொடுத்தாள். “பிளேனிலே விடுவாங்களாண்ணே?” என்று கேட்டாள். விட்டார்கள். நாகபுரியோ வேறு எந்த ஊரோ தெரியவில்லை, எங்கோ முப்பதாயிரம் அடி உயரத்தில், தவலடையைச் சூடு ஆறிய பிறகு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அன்று பஸ்ஸில் அவர்கள் தின்றதும் இப்படித்தான் இருந்திருக்குமோ, வேறு மாதிரி இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் அருகே இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சிநேகிதன் வாசலிலேயே நின்றிருந்தான். பத்து நாள் பத்து நாளாக எங்கள் வீட்டில் தங்கிய மனிதன் அவன். முதல் கேள்வியே, “எத்தனை நாள்?” என்பதுதான்.

“நீ சொல்லு” என்றேன்.

அவன் சொல்லவில்லை. என் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய், கதவருகில் வைக்காமல், அலமாரிக்குள் வைத்து மூடினான்.

வாசகர்களில் யாருக்காவது தொலை ஊரில் ஒரு பழைய சிநேகிதர் இருப்பார். போக டிக்கெட் வாங்குங்கள், நல்ல காரியம். திரும்பும் டிக்கெட்டை மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.